தட்டை என்று ஒருவரைச் சொல்லும் முன்



கொஞ்சம் நீளமான பதிவு. கை வேலைகளை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவி ஒருத்தி சிறுகதை எழுதுகிறாள். அவள் கதையைப் படித்த ஒருவர், "பாத்திரங்கள் எல்லாம் தட்டையாக இருக்கின்றன" என்று எழுதிவிட்டாராம். "தட்டை என்றால் என்ன டீச்சர்? அது அவ்வளவு பெரிய குறையா?" என்று கேட்டாள். தட்டை என்றதும் எனக்கு முதலில் தீபாவளிப் பலகாரம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கணக்கு, ஓவியம், கதை என்று மூன்று இடங்களில் இந்தச் சொல் புழங்குகிறது. மூன்றிலும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் துணையாக இருப்பது ஒரு பள்ளித் தலைமையாசிரியர் எழுதிய சின்னப் புத்தகம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. தலைமையாசிரியர் எழுதிய கதை

எட்வின் அபாட் 1838இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். 1865இல், 26 வயதிலேயே, தான் படித்த சிட்டி ஆஃப் லண்டன் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். 1889 வரை, 24 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். 1884இல் 'ஃபிளாட்லேண்ட்' என்ற கதையை வெளியிட்டார். தன் பெயரைப் போடவில்லை. எழுதியவர் 'ஒரு சதுரம்' என்றுதான் இருந்தது.

கதை நடப்பது முழுக்க முழுக்கத் தட்டையான ஒரு நாட்டில். ஒரு பெரிய தாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீளம் உண்டு, அகலம் உண்டு, உயரம் என்ற பேச்சே கிடையாது. குடிமக்கள் எல்லோரும் வடிவங்கள். இரண்டு பக்கம் சமமான கூர்முக்கோணங்கள் கூலிக்காரர்களும் சிப்பாய்களும். மூன்று பக்கமும் சமமானவர்கள் நடுத்தர வர்க்கம். சதுரமும் ஐங்கோணமும் படித்த உத்தியோகஸ்தர்கள். ஆறு பக்கத்திலிருந்து பிரபுக்கள். பக்கங்கள் பெருகிப் பெருகி வட்டமாகிவிட்டவர்கள் குருமார்கள், ஆளுகிறவர்கள். பெண்கள்? வெறும் கோடு. ஒரு நேர்கோடு, அவ்வளவுதான்.

அபாட் ஒரு சோதனை செய்யச் சொல்கிறார். நீங்களும் செய்து பாருங்கள். மேசை மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். மேலிருந்து பார்த்தால் வட்டம். மெதுவாகக் குனிந்து, கண்ணை மேசை விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகும், பிறகு ஒடுங்கும், கடைசியில் ஒரு கோடாகிவிடும். நாணயத்துக்குப் பதில் முக்கோணம் வெட்டி வைத்தாலும் கோடு. சதுரம் வைத்தாலும் கோடு.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். தட்டை நாட்டில் யாரும் யாருடைய வடிவத்தையும் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லோருக்கும் எல்லோரும் கோடாகத்தான் தெரிகிறார்கள். கோணத்தைத் தொட்டுத் தடவியும், மூடுபனியில் விளிம்பு எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்று கவனித்தும், "இவர் இத்தனை பக்கம்" என்று ஊகிக்கிறார்கள். அந்த ஊகத்தின் மேல் சாதி மாதிரி ஒரு பெரிய ஏணியையே கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ஒன்றை மறக்காமல் வைத்துக்கொண்டு மற்ற மூன்று இடங்களுக்கும் வாருங்கள்.

2. கணக்கில் தட்டை

கணக்கு வகுப்பில் 'தளம்' என்று படித்தோம். கரும்பலகையைக் காட்டி, "இது எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் நீண்டால் தளம்" என்று நாமும் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் ஒன்று தட்டையா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது? பார்த்தால் தெரியாதா என்பீர்கள். ஏரித் தண்ணீரும் பார்த்தால் தட்டைதான், அது உருண்டை பூமியின் மேல் கிடக்கிறது.

கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் வடிவியலைத் தொகுத்தபோது ஐந்து அடிப்படைகளை எடுத்துக்கொண்டார். ஐந்தாவது இணைகோடுகள் பற்றியது. அதை ஒப்புக்கொண்டால், முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும் என்பது தானாகக் கிடைக்கும். மற்ற நான்கும் எளிமையாக இருக்க, இது மட்டும் நீளமாக இருந்தது. அதனால் இதை மற்றவற்றிலிருந்தே நிரூபித்துவிடலாம் என்று சுமார் 2,000 ஆண்டுகள் முயன்றார்கள். பாரசீகத்தின் உமர் கய்யாம் முயன்றார். இத்தாலியின் சக்கேரி 1733இல் ஒரு புத்தகமே எழுதினார். யாராலும் முடியவில்லை.

அது ஏன் முடியவில்லை என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் புரிந்தது. ரஷ்யாவின் கசான் நகரில் லோபாசெவ்ஸ்கி 1829இலும், ஹங்கேரியின் இளைஞர் போல்யாய் 1832இலும், அந்த ஐந்தாவது அடிப்படை இல்லாமலேயே முரண்பாடு வராத வேறொரு வடிவியலைக் கட்டிக் காட்டினார்கள். அங்கே முக்கோணத்தின் கோணங்கள் 180க்குக் குறையும். உருண்டையின் மேலோ நேர்மாறு. பூகோள உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு நேராக இறங்குங்கள். அங்கே செங்கோணமாகத் திரும்பி, உலகைக் கால் சுற்று சுற்றி, மறுபடி செங்கோணமாகத் திரும்பித் துருவத்துக்கே ஏறுங்கள். மூன்று மூலையும் 90. கூட்டினால் 270!

ஜெர்மனியின் காஸ் 1827இல் இன்னொரு பெரிய உண்மையைச் சொன்னார். ஒரு பரப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அறிய அதை விட்டு வெளியே வர வேண்டியதில்லை, அதன் மேல் ஊர்ந்து அளந்தாலே போதும் என்றார். ஒரு தாளில் முக்கோணம் வரைந்து, தாளைக் குழாயாகச் சுருட்டுங்கள். நம் கண்ணுக்கு வளைந்துவிட்டது. ஆனால் தாள் எங்கும் இழுபடவில்லை, கோணங்கள் அப்படியே இருக்கின்றன. கணக்குக்கு அது இன்னமும் தட்டைதான். ஆரஞ்சுத் தோலை எடுத்து மேசையில் அழுத்திப் பாருங்கள். கிழியாமல் படியாது. அது உள்ளூரவே வளைந்தது. உலகப் படங்களில் கிரீன்லாந்து சில சமயம் ஆப்பிரிக்கா அளவுக்கு வீங்கித் தெரிவதற்கும் இதுதான் காரணம். உருண்டையை எந்தச் சாமர்த்தியத்தாலும் ஒன்றும் சிதையாமல் தட்டையாக்க முடியாது. ஏதாவது ஒன்றைப் பலி கொடுத்துத்தான் வரைபடம் போட முடியும்.

இந்த விஷயம் நம் ஊர்ப் பக்கமும் நடந்திருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிப்படைக் கோடு அளந்து, முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கினார். பெரிய முக்கோணங்களில் மூன்று கோணங்களின் கூடுதல் 180ஐ ஒரு துளி தாண்டும். சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விநாடி, அதாவது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. அந்தத் துளியையும் கணக்கில் சேர்த்தால்தான் அளவு சரியாக வரும். வானத்துக்குப் போகாமல், தரையில் நின்றபடியே, பூமி தட்டை இல்லை என்று கோணமானி சொல்லிவிடுகிறது.

1854இல் காஸின் மாணவர் ரீமான், இதே கேள்வியை நாம் வாழும் வெளியைப் பற்றியே கேட்கலாம் என்று ஒரு சொற்பொழிவில் காட்டினார். 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விசையை விளக்க அந்தக் கணிதம்தான் உதவியது.

ஆக, கணக்கில் தட்டை என்பது குறையைச் சொல்லும் சொல் அல்ல, பொறுமையாக அளந்து சொல்ல வேண்டிய ஒரு குணம். தூரத்தில் நின்று பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. 1957இல் டியோனிஸ் பர்கர் என்பவர் டச்சு மொழியில் அபாட்டின் கதையைத் தொடர்ந்து எழுதினார். அதில் ஒரு நில அளவையாளர், பெரிய முக்கோணங்களின் கூடுதல் 180ஐத் தாண்டுகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார். அவருக்கு வேலை போகிறது!

3. ஓவியத்தில் தட்டை

எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் ஒரு தோட்டம் வரைந்திருக்கிறார்கள். இன்றைக்குச் சுமார் 3,350 ஆண்டுகளுக்கு முந்தையது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் குளம் மேலிருந்து பார்த்தது போல நீள்சதுரமாக இருக்கும். குளத்து மீன்களும் வாத்துகளும் பக்கவாட்டில் தெரியும். சுற்றியுள்ள மரங்களும் பக்கவாட்டில்தான். "எகிப்தியருக்கு வரையத் தெரியவில்லை" என்று சிலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து முழுமையாகப் புரியுமோ, அந்தப் பக்கத்திலிருந்து அதை வரைந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

நம் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் மேசையை வரைந்தால் மேல் பலகையும் தெரியும், நான்கு கால்களும் தெரியும். "டீச்சர், நாலு கால் இருக்கே, அதை எப்படி விடறது?" என்பார்கள். குழந்தை கண்ணில் பட்டதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது.

15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் இந்த வழக்கம் மாறியது. புருனெலெஸ்கி செய்து காட்டியதை 1435இல் ஆல்பர்ட்டி விதிகளாக எழுதினார். படச் சட்டம் ஒரு திறந்த ஜன்னல், அதன் வழியே உலகத்தைப் பார்க்கிறோம் என்பது அவர் எண்ணம். இணையான கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரும். தொலைவில் இருப்பது சிறுக்கும். தட்டைச் சுவரில் ஆழம் வந்துவிட்டது. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆழத்துக்கு ஒரு விலை உண்டு. பார்ப்பவர் ஒரு கண்ணால், ஓர் இடத்தில் அசையாமல் நின்று பார்ப்பதாக வைத்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

400 ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய ஓவியர்களே மறுபடி தட்டைக்குத் திரும்பினார்கள். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தன. நிழல் இல்லை, அழுத்தமான வெளிக்கோடு, உள்ளே ஒரே சீரான வண்ணம். வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் படங்களைப் பார்த்து நகல் எடுத்தார். அதற்கு முன்பே, 1866இல், மானே குழல் ஊதும் ஒரு சிறுவனை வரைந்தார். பின்னால் சுவரும் இல்லை, தரையும் சரியாகத் தெரியாது. சாம்பல் நிறத்தில் சீட்டுக்கட்டு ராஜா மாதிரி பையன் நிற்பான். பாரிஸின் அரசுக் கண்காட்சி அதை ஏற்க மறுத்தது. இன்று பாரிஸ் ஒர்சே மியூசியத்தில் கூட்டம் நின்று பார்க்கிறது. 1890இல் மோரிஸ் டெனி என்ற இளம் ஓவியர், படம் என்பது குதிரையாகவோ கதையாகவோ ஆவதற்கு முன் வண்ணம் பூசிய ஒரு தட்டைப் பரப்பு என்பதை மறக்காதீர்கள் என்ற பொருளில் எழுதினார். 1960இல் அமெரிக்க விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க், ஓவியத்துக்கே உரிய தனிக்குணம் இந்தத் தட்டைதான் என்று வாதிட்டார்.

ஒரு காலத்தில் 'தெரியாத்தனம்' என்று நினைத்தது இன்னொரு காலத்தில் 'உண்மையை ஒளிக்காமை' ஆகிவிட்டது. படம் இரண்டு சமயத்திலும் தட்டைதான். பார்த்தவர்கள் எதிர்பார்ப்பு மாறியது.

அபாட்டின் தட்டை நாட்டிலும் ஓவியத்துக்கு ஒரு கதை உண்டு. யாரோ ஒருவர் வண்ணத்தைக் கண்டுபிடிக்கிறார். எல்லோரும் தங்கள் பக்கங்களுக்கு வண்ணம் பூசிக்கொள்கிறார்கள். நாடே அழகாகிறது. ஆனால் வண்ணத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்றானதும், பனியில் மங்குவதைக் கவனிக்கும் மேல்வகுப்பாரின் நுண்கலைக்கு மவுசு போய்விடுகிறது. கீழே இருப்பவர்கள் சம உரிமை கேட்கிறார்கள். உடனே வட்டங்கள் அந்தக் கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கி, வண்ணத்தையே தடை செய்கிறார்கள். அங்கே வண்ணம் வெறும் அழகுப் பொருளாக இல்லை. அது ஏணியையே ஆட்டியது. அதனால்தான் அழித்தார்கள்.

4. கதையில் தட்டை

இப்போது நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். 1927இல் இ.எம். ஃபார்ஸ்டர் கேம்பிரிட்ஜில் நாவல் பற்றிச் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை அதே ஆண்டு புத்தகமாகவும் வந்தன. பாத்திரங்களைத் தட்டை என்றும் உருண்டை என்றும் பிரித்தவர் அவர்தான். ஒரே குணத்தைச் சுற்றிக் கட்டிய, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய பாத்திரம் தட்டை. டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் வரும் திருமதி மிகாபரை அவர் உதாரணமாகக் காட்டினார். என்ன ஆனாலும் புருஷனைக் கைவிட மாட்டேன் என்பதுதான் அந்த அம்மா. வேறு ஒன்றும் இல்லை.

விமர்சகர்கள் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஃபார்ஸ்டர் நிறுத்தவில்லை. தட்டைப் பாத்திரம் வந்த உடனே அடையாளம் தெரியும், புத்தகத்தை மூடிய பிறகும் நினைவில் நிற்கும் என்று பாராட்டினார். டிக்கன்ஸின் மனிதர்கள் அநேகமாக எல்லோரும் தட்டை, இருந்தும் அவரிடம் மனித ஆழம் இருக்கிறது என்று வியந்தார். உருண்டைப் பாத்திரத்துக்கு அவர் வைத்த சோதனை, நம்பும்படியாக நம்மை ஆச்சரியப்படுத்துகிறதா என்பது. ஜேன் ஆஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலில் லேடி பெர்ட்ரம் சோபாவில் நாய்க்குட்டியோடு சாய்ந்து கிடக்கும் சோம்பேறி அம்மாள். மகள்களால் குடும்பத்துக்கு அவமானம் வரும்போது, ஒரு நிமிடம் அவரும் ஆழமாக யோசிக்கும் மனுஷியாகிவிடுகிறார். பிறகு மறுபடி சோபா. நல்ல எழுத்தாளர் கையில் தட்டைப் பாத்திரமும் வேண்டிய நேரத்தில் எழுந்து நிற்கும் என்பதற்கு ஃபார்ஸ்டர் காட்டிய சாட்சி இது.

ஆகவே அம்மா, கதையில் தட்டைப் பாத்திரம் இருப்பது குற்றம் இல்லை. தபால்காரர் கடிதம் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய இடத்தில் அவர் வாழ்க்கை வரலாறு வேண்டாம். யாருடைய மனசுக்குள் போக வேண்டுமோ அவரையும் ஒற்றை வரியில் முடித்துவிட்டால்தான் கதை நொண்டும்.

5. இதை ஏன் எழுதுகிறேன் என்றால்

கணக்கில் தட்டை ஒரு குணம். ஓவியத்தில் அது ஒரு தேர்வு. கதையில் ஒரு கருவி. மூன்றிலும் அதற்கு மரியாதை உண்டு. உயிருள்ள மனிதர் மேல் அதை ஒட்டும்போதுதான் அது அநியாயமாகிறது. ஏனென்றால் வாழ்க்கையில் யாரும் தட்டை இல்லை. நாம் நிற்கும் இடத்திலிருந்து அவர்கள் கோடாகத் தெரிகிறார்கள், அவ்வளவுதான்.

அபாட்டின் புத்தகத்தில் என்னால் லேசாகத் தாண்ட முடியாத ஒரு பகுதி உண்டு. அந்த நாட்டுப் பள்ளிகளில், நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள் கோணத்தைத் தொட்டுப் பழகுவதற்காக, மிகத் தாழ்ந்த முக்கோணங்களை 'மாதிரிகள்' என்று வகுப்பறையில் வைத்திருப்பார்கள். சில ஊர்களில் அவற்றுக்கு எப்போதாவது சாப்பாடு போடுவார்கள். நிர்வாகம் 'சீராக' உள்ள ஊர்களில் அதுவும் கிடையாது. மாதம் ஒரு முறை புதிய மாதிரி வரும். சதுரம் இதைச் சாதாரணமாக, செலவுக் கணக்கு போலச் சொல்லிக்கொண்டு போகிறது. நமக்கு அடிவயிறு கலங்குகிறது. எழுதியவர் ஒரு தலைமையாசிரியர் என்பதை நினைத்தால் இன்னும் கலங்குகிறது.

அது எந்தக் காலம் என்று பாருங்கள். இங்கிலாந்தில் 1862 முதல், இன்ஸ்பெக்டர் வைக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனையில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆரம்பப் பள்ளிக்கு மானியம். பிள்ளை பணமாக எண்ணப்பட்ட காலம். 1882இல்தான் கல்யாணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல். தட்டை நாட்டில் பெண்களுக்குப் புத்தி கிடையாது என்று முடிவு கட்டி, 300 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று சதுரம் சொல்லும். பெண் கல்விக்குப் பாடுபட்ட அபாட் இதைக் கிண்டலாகத்தான் எழுதினார். கோடு என்று எழுதி, கோடு என்று பார்த்தவர்களைக் காட்டிக்கொடுத்தார்.

அதே சதுரத்துக்கு ஒரு பேரன், ஆறு பக்கக்காரன். மூன்றின் வர்க்கம் சதுரத்தின் பரப்பு என்று தாத்தா சொல்லிக்கொடுக்க, "அப்படியானால் மூன்றின் கனத்துக்கும் வடிவியலில் ஏதோ அர்த்தம் இருக்க வேண்டுமே?" என்று கேட்கிறான். முட்டாள்தனமான கேள்வி என்று தாத்தா அவனைப் படுக்க அனுப்புகிறார். அன்று இரவே ஒரு கோளம் வந்து, சதுரத்தைத் தூக்கி மேலே கொண்டுபோய் உயரம் என்றால் என்ன என்று காட்டுகிறது. முதல் முறையாகத் தன் வீட்டையும் தன் மக்களையும் முழு வடிவத்தில் பார்க்கிறது சதுரம். பேரன் கேட்டது சரியான கேள்வி! பிறகு சதுரம், "நான்காவது பரிமாணமும் உண்டா?" என்று கேட்க, அந்தக் கோளத்துக்கே கோபம் வருகிறது. மூன்று வரை சொல்லிக்கொடுத்த குருவுக்கு நான்கைக் கேட்கும் சிஷ்யனைப் பிடிக்கவில்லை. ஊர் திரும்பி உண்மையைச் சொன்ன சதுரம் சிறைக்குப் போகிறது. ஏழு ஆண்டுகளாகியும் விடுதலை இல்லை. ஃபார்ஸ்டரின் சோதனையை வைத்தால், தன் ஊர்ச் சட்டத்தையெல்லாம் மெச்சிக்கொண்டிருந்த அந்தச் சதுரம் நம்மை நம்பும்படியாக ஆச்சரியப்படுத்திவிடுகிறது. தட்டை நாட்டின் உருண்டையான பாத்திரம் அது.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், பலர் பெற்றோர்கள், இரண்டொருவர் தாத்தா பாட்டியும் ஆகிவிட்டீர்கள். தேர்வு முடிவு வரும் மாதங்களில் "இவன் சுமார்தான்", "அவளுக்குக் கணக்கு வராது" என்ற வார்த்தைகள் நம் வீடுகளில் எவ்வளவு சுலபமாக விழுகின்றன! மதிப்பெண் அட்டை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மேசை விளிம்பிலிருந்து பார்த்த நாணயமும் பொய் இல்லை. அந்தக் கோடு உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு இத்தனை பக்கம்தான் என்று எழுதிவிடாதீர்கள். காஸ் சொன்னது போல, உள்ளிருந்து பொறுமையாக அளந்து பாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள், என்ன யோசிக்கிறாய் என்று கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஓர் ஆரஞ்சும் ஒரு தாளும் எடுத்து உட்காருங்கள். தோலைத் தட்டையாக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஏதாவது விசித்திரமாகக் கேட்டால், அந்தக் கேள்வியை இங்கே கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்